சிவாலய ஓட்டப் பாதையை இரண்டு காரை வைத்துக்கொண்டு பகுதி பகுதியாக நடப்பது எப்படி?

நீங்கள் கேட்டது இது. நாகர்கோவிலில் இருக்கிறீர்கள், நீங்கள், மனைவி, அக்கா, அத்தான் என்று நடப்பதற்கு நான்கு பேர். மகா சிவராத்திரிக்குக் குமரி மாவட்டத்தின் பன்னிரண்டு சிவன் கோவில்களுக்கும் ஓர் இரவும் பகலுமாக ஓடுவதுதான் சிவாலய ஓட்டம். அப்படி ஓட உடம்பு இடம் தராது. ஆனால் முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை முழுப் பாதையையும் காலால் நடந்து பார்க்க ஆசை. வீட்டில் இரண்டு கார் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாமா, எங்கெங்கே பிரிப்பது, காரை எப்படிப் பயன்படுத்துவது, முழங்கால் வலி உள்ள அம்மாவையும் சேர்த்துக்கொள்ள முடியுமா?

தாராளமாக நடக்கலாம். வெளிநாடுகளில் நீண்ட நடைபாதைகளைப் பலர் இப்படித்தான் முடிக்கிறார்கள். அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதை என்று ஒன்று, ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை சுமார் 3,500 கி.மீ. நீளம். அதை ஒரே மூச்சில் நடக்கிறவர்களும் உண்டு. காலையில் போய் மாலையில் வீடு திரும்பி, விட்ட இடத்தில் மறுபடி தொடங்கி வருடக்கணக்கில் நடந்து முடிக்கிறவர்களும் உண்டு. அதற்கு அவர்கள் பயன்படுத்துவதும் இந்த இரண்டு கார் முறையைத்தான். நம் பாதை அவ்வளவு நீளமில்லை. வழக்கமாகச் சொல்லும் கணக்கு 110 கி.மீ. அதை ஏழு காலைப் பொழுதுகளில் நிதானமாக முடித்துவிடலாம்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சிவராத்திரி விரதமிருந்து, காவி கட்டி, கையில் பனையோலை விசிறியோடு "கோவிந்தா கோபாலா" என்று ஓடுவது ஒரு நேர்ச்சை. அதற்கு முறை இருக்கிறது, நாள் இருக்கிறது. நீங்கள் நடக்கப்போவது அதற்கு மாற்று அல்ல. இந்த மண்ணைத் தெரிந்துகொள்ள நடக்கும் நடை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவரை எந்தச் சங்கடமும் இல்லை. சிவராத்திரிக்கு முந்தைய சில நாட்களிலும் சிவராத்திரி அன்றும் காரை எடுத்துக்கொண்டு இந்த வழியில் இறங்க வேண்டாம். ஓடுகிறவர்கள், வேனிலும் பைக்கிலும் கோவில் கோவிலாகப் போகிறவர்கள், வழியெல்லாம் மோரும் பானகமும் கொடுப்பவர்கள் என்று சாலை நிறைந்திருக்கும். அன்று அது அவர்களுடைய பாதை.

கதையும் தெரிந்திருந்தால் நடை இன்னும் நன்றாக இருக்கும். புருஷாமிருகம் பாதி மனிதனும் பாதி மிருகமுமான ஒன்று, தீவிர சிவபக்தி கொண்டது. திருமாலின் பெயரைக் கேட்டாலே அதற்கு ஆகாது. அதை அழைத்து வரப் போன பீமன் கையில் கிருஷ்ணர் பன்னிரண்டு உருத்திராட்சங்களைக் கொடுத்து அனுப்புகிறார். பீமன் "கோவிந்தா கோபாலா" என்று சத்தமிட்டு ஓட, அது துரத்துகிறது. பிடிபடும் நேரத்தில் பீமன் ஒரு உருத்திராட்சத்தைக் கீழே வைக்கிறான். அது லிங்கமாகிறது, புருஷாமிருகம் பூசை செய்ய நின்றுவிடுகிறது, பீமன் மறுபடி ஓடுகிறான். இப்படிப் பன்னிரண்டு இடம். கடைசியாகத் திருநட்டாலத்தில் அரியும் சிவனும் ஒன்று என்று அதற்குத் தெரிகிறது. கதையிலேயே இது நின்று நின்று போன ஓட்டம்தான். அதனால் கோவிலுக்குக் கோவில் நின்று நடப்பதில் குறையொன்றும் இல்லை.

இனி வழி. திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மாவட்ட வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். மேற்கே முஞ்சிறையில் தொடங்கும் கோடு வடகிழக்காக ஏறி மலையடிவாரத்தைத் தொட்டு, தக்கலைப் பக்கம் இறங்கி, மறுபடி மேற்கே திரும்பி, மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் திருநட்டாலத்தில் முடிகிறது. தொடங்கிய ஊருக்கும் முடியும் ஊருக்கும் அதிக தூரமில்லை. ஏறக்குறைய ஒரு வளையம். இது உங்களுக்குப் பெரிய வசதி. வளையத்தின் தென்பக்கத்தில் திருவனந்தபுரம் நெடுஞ்சாலை போகிறது. தக்கலையோ மார்த்தாண்டமோ வந்துவிட்டால் எந்தப் பகுதியின் இரண்டு முனைக்கும் காரில் போக அதிக நேரம் ஆகாது. நேர்கோடாகப் போகும் பாதையில் ஒவ்வொரு வாரமும் வீட்டிலிருந்து தூரம் கூடிக்கொண்டே போகும். இங்கே அது இல்லை.

இரண்டு கார் முறை கேட்க எளிது. காலையில் இரண்டு காரும் முதலில் போகவேண்டியது நடை முடியும் இடத்துக்கு. தொடங்கும் இடத்துக்கு அல்ல. அங்கே ஒரு காரை நிறுத்திவிட்டு எல்லோரும் மற்றொரு காரில் ஏறி தொடங்கும் இடத்துக்கு வருகிறீர்கள். அங்கிருந்து நடந்தால் முடிவில் உங்கள் கார் காத்திருக்கும். அதில் ஏறி, தொடங்கிய இடத்துக்குப் போய் முதல் காரையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு. தொடங்கும் இடத்தில் இரண்டு காரையும் வைத்துவிட்டு, முடிந்தபின் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ திரும்பி வரலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால், கால் ஓய்ந்துபோன நேரத்தில், உச்சி வெயிலில், வண்டிக்காகக் காத்திருக்க வேண்டிவரும். காத்திருப்பதெல்லாம் விடியற்காலையிலேயே முடிந்துவிட வேண்டும். நடக்கிறவர் தன் காரை நோக்கி நடக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் அடிப்படையே அதுதான்.

இதில் யாரும் சொல்லாமல் விடுகிற ஒரு கணக்கு இருக்கிறது. தொடங்கும் இடத்துக்குப் போகும் காரில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற வேண்டும். முடியும் இடத்தில் நிற்கும் காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே டிரைவர்கள் இரண்டு பேர் மட்டும் ஏறிப்போய் மற்ற காரைக் கொண்டுவரலாம், மீதிப் பேர் நிழலில் உட்கார்ந்து சாயா குடிக்கலாம். எனவே பெரிய கார் தொடக்கத்துக்கு, சின்ன கார் முடிவுக்கு. நீங்கள் நான்கு பேர் என்பதால் இப்போது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டாவது வாரமே பிள்ளைகளும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்துகொள்வார்கள். அப்போது இது தெரியும்.

சாவி விஷயத்தில் கறாராக இருங்கள். கடைசியில் நிற்கும் காரின் சாவியைத் தொடக்கத்தில் விட்ட காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் பதினைந்து கிலோமீட்டர் நடந்து வருவது இந்த முறையில் வழக்கமாக நடக்கும் விபத்து. பை மாற்றும்போது, சட்டை மாற்றும்போது நடந்துவிடும். நடக்கத் தொடங்குவதற்கு முன் முடிவில் நிற்கும் காரின் சாவியைக் கையில் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் முதல் அடி வைக்க வேண்டும் என்று வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு காரின் மாற்றுச் சாவிகளும் வேறொருவர் இடுப்புப் பையில் இருக்கட்டும். ஒருவருக்குக் கால் சுளுக்கி வழியில் நின்றால், மற்றொருவர் ஆட்டோ பிடித்துப் போய் எந்தக் கார் பக்கமோ அதை எடுத்துவர அது உதவும்.

முடிவில் நிற்கும் காரில் என்ன இருக்க வேண்டும்? மாற்றுடை, துண்டு, குடிநீர், ஒரு சீப்பு மட்டிப்பழம். நம் மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; நடை முடிந்த வயிற்றுக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. தொடக்கத்தில் விடும் காரில் எதுவுமே இருக்கக் கூடாது. பர்ஸ், கோவில் சாமான், செருப்புப் பை எதுவும் கண்ணில் படக் கூடாது.

காரை எங்கே நிறுத்துவது என்பதில் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த நடையைக் கெடுப்பதும் நடத்துவதும் அதுதான். எந்தப் பகுதியை எங்கே முடிப்பது என்பதைத் தூரத்தை ஏழால் வகுத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு காரை ஐந்து மணிநேரம் யாருக்கும் இடைஞ்சலில்லாமல் விட்டுப்போகக் கூடிய இடம் எங்கே இருக்கிறதோ அங்கே முடியுங்கள். கோவில் வாசலைவிடக் கொஞ்சம் தள்ளி நிறுத்துவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தநாள் என்றால் எட்டு மணிக்கெல்லாம் கல்யாண வண்டிகள் வந்து உங்கள் காரைச் சுற்றி அடைத்துவிடும். தேரோடும் வீதியில் விடக் கூடாது. தெங்குக்குக் கீழே விடவே கூடாது. பலாவுக்குக் கீழேயும் அப்படித்தான். ரப்பர் தோட்டத்து நுழைவழி காலியாகக் கிடக்கிறதே என்று நிறுத்தினால், பால் எடுக்க வண்டி வரும் நேரத்தில் தகராறாகும். சாயாக்கடைக்குப் பக்கம் ஒரு இடம் பார்த்து, சாயா குடித்துவிட்டு, "அண்ணே, வண்டி பத்து மணி வரைக்கும் கிடக்கட்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். நம் ஊரில் அப்படிக் கேட்டவரின் வண்டியைக் கடைக்காரரே பார்த்துக்கொள்வார். கண்ணாடியில் உங்கள் கைபேசி எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போவதும் மரியாதை.

அடுத்து வெயில். இந்தப் பாதை பெரும்பாலும் தார்ச்சாலை. காட்டுவழி என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். ஒன்பதரைக்கு மேல் தார் காயத் தொடங்கினால் காலணி போட்டவருக்கும் கஷ்டம். நின்று நின்று நடக்கும் குடும்பத்துக்கு மணிக்கு நான்கு கி.மீ. நல்ல வேகம். பதினான்கு கி.மீ. என்றால் மூன்றரை மணிநேரம், கோவிலில் நிற்பதற்கு அரைமணி. அதாவது ஐந்தரைக்கு முதல் அடி வைத்தால் ஒன்பதரைக்கு முடியும். அதற்கு நாலரைக்கெல்லாம் முடிவிடத்தில் ஒரு கார் நின்றிருக்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து மூன்றரை மணிக்குக் கிளம்புவது உங்களுக்குச் சிரமமாகத் தோன்றினால், முந்தைய நாள் மாலையே ஒரு காரைக் கொண்டுபோய் விட்டுவிடலாம். மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் இன்னும் நல்லது. ஜனவரியில் நமக்கு விடிய ஆறரை தாண்டும். முதல் ஒரு மணிநேரம் இருட்டில் நடக்கப் போகிறீர்கள். ஆளுக்கொரு டார்ச், முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் வெளிர்நிறச் சட்டை. நடைமேடை இல்லாத சாலையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். நான்கு பேர் கைகோத்துப் பேசிக்கொண்டு போகும் சாலைகள் இல்லை இவை.

மாதம் எது என்று கேட்டால் ஜனவரியும் பிப்ரவரியின் முற்பகுதியும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கினால் இடையில் கொஞ்சம் விட்டு டிசம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் கொட்டும். அருமனை, குலசேகரம் பக்கம் மலை ஒட்டியிருப்பதால் நாகர்கோவிலில் காய்ந்திருக்கும் நாளிலும் அங்கே மழை இருக்கும். மார்ச்சுக்கு மேல் புழுக்கம் தாங்காது.

சரி, ஏழு பகுதிகளும் எப்படி?

முதல் நாள் திருமலையிலிருந்து திக்குறிச்சி. முஞ்சிறை, காப்புக்காடு, வெட்டுவெந்நி, குழித்துறை என்று ஊர் ஊராக வருவதால் தனிமை இல்லை, வழி தப்ப வாய்ப்பும் இல்லை. நெடுஞ்சாலையைத் தொடும் இடம் மட்டும் பார்த்துக் கடக்க வேண்டும். திக்குறிச்சி கோவில் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, இது நம்முடையது. குழித்துறை ஆறு என்றும் சொல்வோம். சிவன் முன் நந்தி இல்லாத கோவில் இது. ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். இந்தப் பகுதிக்கு இரண்டு கார் தேவையே இல்லை என்பது என் கருத்து. ஒரு காரைத் திக்குறிச்சியில் விட்டுவிட்டு, மார்த்தாண்டம் வந்து புதுக்கடைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் போதும். ஆனால் முதல் நாளே முறை பழக வேண்டும் என்றால் இரண்டையும் கொண்டுபோங்கள். தவறு நடந்தாலும் சமாளிக்கக் கூடிய பகுதி இதுதான்.

இரண்டாம் நாள் திக்குறிச்சியிலிருந்து சிதறால், அருமனை, களியல் வழியாகத் திற்பரப்பு. பாதையின் அழகு இங்கே தொடங்குகிறது. ஏற்ற இறக்கங்கள் கூடும், ரப்பர் தோட்டங்கள் வரும். சிதறால் மலைமேல் சமணர்களின் குகைக்கோவிலும் பாறைச் சிற்பங்களும் இருக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டு, ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு உண்டு. பார்க்காமல் விடக் கூடாத இடம். ஆனால் நடைநாளில் ஏறாதீர்கள். ஏறி இறங்கினால் ஒரு மணிநேரத்துக்கு மேல் போய்விடும், அந்த ஒரு மணிநேரமும் அருமனைக்கு அப்பால் வெயிலாகத் திரும்பி வரும். தொடங்கிய காரை எடுக்கத் திரும்பும்போது வழியில் நிறுத்தி மாலையில் ஏறலாம். திற்பரப்பில் கோவிலும் அருவியும் கோதையாற்றின் கரையில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. கார் நிறுத்துமிடம் உண்டு. பதினான்கு கிலோமீட்டர் நடந்த காலை அருவித் தண்ணீரில் வைப்பதற்காகவே இந்தப் பகுதியை இங்கே முடிக்க வேண்டும். வெள்ளம் கூடினால் குளிக்க விடமாட்டார்கள்.

மூன்றாம் நாள் திற்பரப்பு, குலசேகரம், திருநந்திக்கரை, பொன்மனை. ஏழு நாளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. இருட்டில் நடக்கும்போது இரண்டு பக்கமும் ரப்பர் மரங்களுக்கிடையே சின்ன விளக்குகள் நகரும். பால்வெட்டுத் தொழிலாளர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். நம் மாவட்டத்தின் வடபாதி எதை வைத்துப் பிழைக்கிறது என்பதைக் காரில் போகிறவர் பார்ப்பதே இல்லை. திருநந்திக்கரையில் சிவன் கோவிலுக்குப் பக்கத்தில் பாறையைக் குடைந்த கோவில் ஒன்று இருக்கிறது. சுவரில் பழைய ஓவியங்களின் மிச்சம் கோடுகளாகத் தெரியும். ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டும் உண்டு. அவனுடைய பிறந்த நாளான சதயத்தைக் கொண்டாடுவதற்கான ஏற்பாட்டை அது சொல்கிறது. தஞ்சாவூரில் கொண்டாடும் சதய விழாவை எல்லோருக்கும் தெரியும். இந்த ரப்பர் தோட்டத்து நடுவே ஆயிரம் வருடத்துக்கு முன் அதற்கு ஏற்பாடு செய்திருந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இங்கே அரைமணிக்குக் குறையாமல் கொடுங்கள். அப்புறம் திரும்பக் குலசேகரம் பக்கம் வந்துதான் பொன்மனைக்குப் போகிறோம். நேரம் தப்பிவிட்டால் குலசேகரத்திலேயே நடையை முடித்துக்கொள்ளலாம். பஸ்ஸும் ஆட்டோவும் கிடைக்கும் ஊர்.

நான்காம் நாள் பொன்மனையிலிருந்து வலியாற்றுமுகம், முட்டைக்காடு, குமாரபுரம் வழியாகப் பன்னிப்பாகம். இரண்டு கார் உண்மையிலேயே தேவைப்படும் பகுதி இது. பஸ் அடிக்கடி இல்லாத சாலைகள், கடை குறைவு, கிளைவழிகள் அதிகம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய வாரமே இந்த வழியை ஒருமுறை காரில் ஓட்டிப்பார்த்து, திருப்பங்களைத் தாளில் குறித்துவையுங்கள். கைபேசி வரைபடம் உங்களை நேர்வழி என்று யாருடைய தோட்டத்துக்குள்ளாவது இறக்கிவிடும். சந்தேகம் வந்தால் "சிவாலய ஓட்டம் போற ரோடு எது?" என்று கேளுங்கள். குழந்தைகூடச் சரியாகக் கைகாட்டும், ஏனென்றால் வருடந்தோறும் அவர்கள் வீட்டு முற்றத்தைத் தாண்டித்தான் ஓடுகிறார்கள். புத்தன் அணையும் பெருஞ்சாணியும் பக்கம்தான். வழியில் சானல்கள், அதாவது பாசனக் கால்வாய்கள், வரும்போது கரையில் இறங்கி நடக்கத் தோன்றும். நிழலும் தண்ணீருமாக அவ்வளவு நன்றாக இருக்கும். வழக்கமான பாதையை விட்டு விலகாமல் எங்கே அது கூடவே போகிறதோ அங்கே மட்டும் நடங்கள்.

ஐந்தாம் நாள் பன்னிப்பாகத்திலிருந்து கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு. கோவில்கள் அடுத்தடுத்து வரும், தூரம் லேசாகத் தெரியும். கல்குளம் நீலகண்டசாமி கோவில் பத்மநாபபுரம் கோட்டைக்குள். கோபுரமும் பெரிய தெப்பக்குளமுமாக, மற்ற கோவில்களைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு ஒரு மாறுதலாக இருக்கும். பக்கத்திலேயே அரண்மனை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை கேரள அரசின் பராமரிப்பில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. ஆனால் திறக்கும்வரை காத்திருந்தால் நடை கெட்டுப்போகும். திருவிடைக்கோடு வரை நடந்து முடித்துவிட்டு, காரில் திரும்பி வந்து பாருங்கள். மேலாங்கோட்டில் காலகாலர், வேளிமலையை ஒட்டியே வழி போவதால் மலை கூடவே வரும். வில்லுக்குறிப் பக்கம் வந்தால் திருவிடைக்கோடு.

ஆறும் ஏழும் சமவெளிப் பகுதிகள். திருவிடைக்கோட்டிலிருந்து தக்கலைப் பக்கமாகத் திருவிதாங்கோடு ஒரு நாள். திருவிதாங்கூர் என்ற நாட்டுக்கே பெயர் கொடுத்த ஊர் இன்று எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இயேசுவின் சீடர் தோமையார் கட்டியதாகச் சொல்லப்படும் அரப்பள்ளி என்ற தேவாலயமும் இங்கேதான். அடுத்த நாள் கோழிப்போர்விளை, பள்ளியாடி வழியாகத் திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம். உடம்பு பழகியிருந்தால் இரண்டையும் ஒரே நாளாக்கலாம், நான் பரிந்துரைக்கவில்லை. இந்த இரண்டு நாளும் ஒரே காரும் பஸ்ஸும் போதும்.

எரிபொருள் கணக்கையும் பாருங்கள். இரண்டு கார் முறையில் நடக்கிற தூரத்தை இரண்டு தடவை கூடுதலாகக் காரில் ஓட்டுகிறோம். காலையில் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை. பஸ் இருக்கும் பகுதிகளில் அந்தச் செலவு வீண். எனவே மூன்று, நான்கு, ஐந்தாம் நாட்களுக்கு இரண்டு கார். இரண்டாம் நாளுக்கு உங்கள் விருப்பம். மற்றவற்றுக்கு ஒரு கார். ஒரு கார் என்றாலும் விதி அதேதான்: கார் முடிவிடத்தில், பஸ் பயணம் காலையில். ஞாயிறு காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று முந்தைய நாளே டிப்போவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு அணியாகப் பிரிந்து, ஒரு அணி இந்த முனையிலிருந்தும் மற்ற அணி அந்த முனையிலிருந்தும் நடந்து, நடுவில் சந்தித்துச் சாவியை மாற்றிக்கொள்ளும் முறையையும் அத்தான் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நல்ல முறைதான், காலையில் காரை ஓட்டி வைக்கும் வேலையே இல்லை. கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரை கடற்கரையை நடப்பதென்றால் அதைத்தான் சொல்வேன். இந்தப் பாதைக்கு வேண்டாம். ஒரு அணி கோவில் வரிசையைத் தலைகீழாக நடக்க வேண்டிவரும். அக்காவும் நீங்களும் ஆளுக்கொரு திசையில் நடப்பதற்கா இத்தனை ஏற்பாடு?

விட்ட இடத்தில் தொடங்குவதில் நேர்மையாக இருங்கள். கோவிலில் முடித்தால் பிரச்சினை இல்லை. நடுவழியில் மழையோ வலியோ வந்து நிறுத்தினால், அந்த இடத்து மின்கம்பத்தின் எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அந்தக் கம்பத்திலிருந்து தொடங்குங்கள். நூறு மீட்டரை விட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் முழுப் பாதையையும் நடந்தேன் என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ள முடியாது.

கோவில் நேரம்: பெரும்பாலும் விடியற்காலையில் திறந்து உச்சிக்கு முன்பே நடை சாத்திவிடுவார்கள். நம் காலை நடைக்கு அது பொருந்திவரும். ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். ஒரு துண்டு கையில் இருக்கட்டும், வியர்வைச் சட்டையோடு நிற்க வேண்டாம். சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். புட்டும் பயறும் பப்படமும் போடாத ஊர் இந்த வழியில் அரிது. பருவம் ஒத்துவந்தால் அக்கானி (பதநீர்) கிடைக்கும், இல்லாவிட்டால் இளநீர்.

கடைசியாக அம்மா. அவரை நடையில் சேர்க்க ஒரு வழி இருக்கிறது. இரண்டாவது கார் உண்மையில் அவருக்குத்தான் பயன்பட வேண்டும் என்பேன். ஐந்தாம் நாளையும் ஏழாம் நாளையும் அவருக்காக ஒதுக்குங்கள், இரண்டிலும் கோவில்கள் நெருக்கமாக இருக்கின்றன. அன்று ஒருவர் நடக்காமல் காரில் அம்மாவோடு இருக்கட்டும். வீட்டிலிருந்து கொஞ்சம் தாமதமாகக் கிளம்பி, கல்குளத்தில் உங்களோடு சேர்ந்து சாமி கும்பிடுவார், அடுத்து மேலாங்கோடு, அடுத்து திருவிடைக்கோடு. மேலாங்கோட்டிலிருந்து வெளியே வரும்போது அவருக்குத் தெம்பு இருந்தால் கால் கிலோமீட்டர் உங்களோடு நடக்கட்டும், கார் முன்னால் போய் நிற்கட்டும். கூட இருப்பவரை முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் அக்கா என்றால் ஏழாம் நாள் நீங்கள். அப்படி விட்டுப்போன பகுதியை அவரவர் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை நடந்து முடித்துக்கொள்ளலாம், அதற்கு ஒரு பஸ் டிக்கெட் போதும். இந்த முறைக்கு ஆகும் ஒரே மாற்றம், முடிவிடத்தில் கார் விடாமல், அம்மாவின் காரே உங்களைத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பக் கூட்டிப்போகும் என்பதுதான். ஐந்து பேரும் ஒரு காரில் அடங்குவீர்கள். முழங்காலுக்கு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஜனவரியின் முதல் ஞாயிற்றுக்கிழமை தொடங்குங்கள். இடையில் ஒரு வாரம் தவறினாலும் மார்ச் வெயிலுக்கு முன் திருநட்டாலத்தில் இருப்பீர்கள்.